கறுப்பியின் கோப்பை

"உங்கடை வீட்டிலை எத்தினை நாய் நிக்குது?" என்று கலியாணத்துக்கு முன்பு ஒருநாள் ஃபோனில் ஆரபி கேட்டிருந்தாள்.

"ஒண்டுதான்."

"ஒண்டோ? உங்களுக்குப் பின்னாலை ஒரு பட்டாளமே குலைக்குது."

"மற்றதுகள் வந்து போறதுகள்" என்றான் சுபாஸ்.

வந்தவை எதுவும் போகவில்லை என்பது மருதனார்மடத்து வீட்டுக்கு அவள் வந்த முதல்நாளே தெரிந்துவிட்டது. பல் போன கிழட்டுக் கறுப்பி, எதற்கும் உறுமுகிற சீசர், பிறகு டொமி, வெள்ளை. இரவுச் சாப்பாட்டுக்கு நாலையும் நாலு மூலைக்குப் பிரித்துவிடுவான் சுபாஸ். முதற் கோப்பை கிணற்றடியில் கறுப்பிக்கு. சீசரை வேப்பமரத்தில் கட்டிவிட வேண்டும். டொமிக்குக் கேற்றடி, வெள்ளைக்கு விறகுக் கொட்டில். எதையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஒன்றைக் கூப்பிட்டால் நாலும் வரும். கடைசிக் கோப்பை வெறுமையாகும்வரை நடுமுற்றத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். நாலும் சத்தமில்லாமல் தின்னும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

அடுப்படி யன்னலால் அதைப் பார்த்துக்கொண்டு ஆரபி தனியே சாப்பிடுவாள். "நீர் சாப்பிடும், நான் வாறன்" என்பான். வந்தாலும் பின்கதவடியில் நின்றபடியே வாய்க்குள் அள்ளிப் போடுவான், கண் முற்றத்தில் இருக்கும். இருப்பதே இரண்டு பேர். கொழும்புத்துறையில் அவளுடைய வீட்டில் எல்லாரும் ஒன்றாய் இருந்து, ஒருவர் கோப்பைப் பொரியலை மற்றவர் களவெடுத்து, அம்மா ஏச ஏசச் சிரித்துக்கொண்டு சாப்பிடுவார்கள். என்னோடு இருந்து சாப்பிடுங்கோ என்று கேட்க எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். ஆனால் இதெல்லாம் கேட்டு வாங்குகிற விசயமா? வாயில்லாச் சீவன்களோடு போட்டிக்கு நிற்கிறாள் என்று அவன் நினைத்துவிட்டால்? தொண்டைவரை வந்தது சோற்றோடு உள்ளே போய்விடும்.

அந்த வெள்ளிக்கிழமை மானிப்பாயில் வேலை முடிந்து வரும்போது மோட்டார் சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டது. "நீர் ஒருக்கா அதுகளுக்கு வைச்சுவிடும், நான் செய்யிற மாதிரியே" என்று ஃபோனில் சொன்னான்.

ஆரபிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவன் வருவதற்குள் நாய்கள் தின்று முடித்தால் இன்றைக்கு அவனுக்கு முற்றத்தில் வேலை இல்லை. கேட்காமலே நடந்துவிடும். மேசையில் இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்தாள். கதிரைகளைக் கிட்ட இழுத்துவிட்டாள். யன்னலடிக்கும் கேற்றடிக்குமாக நடந்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் நாய்களுக்கும் சைவம்தான். பருப்பும் சோறும் குழைத்து, மற்ற மூன்றையும் ஒருபடியாக அதனதன் மூலைக்கு அனுப்பிவிட்டாள். கறுப்பி மட்டும் கோப்பையை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பியது. மீன் காய்ச்சுகிற மச்சச் சட்டி வெள்ளிக்கிழமைகளில் அடுப்படிக்குள் வராது, வெளிச்சுவரோடுதான் இருக்கும். அதன் அடியில் நேற்றைய மீன்குழம்பு கொஞ்சம் கிடந்தது. கறுப்பிக்கு மட்டும் என்று வழித்துப் போட்டாள்.

மணம் மூலைகளைப் பார்த்து நிற்கவில்லை. வெள்ளை ஓடிவந்தது, பின்னால் டொமி. சீசர் கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. கோப்பை உருள, மூன்றுக்கும் அடியில் அகப்பட்ட கறுப்பி வீரிட்டது. ஆரபி விளக்குமாற்றோடு நடுவில் புகப்போன நேரம், மோட்டார் சைக்கிளை அப்படியே சாயவிட்டு ஓடிவந்த சுபாஸ் கிணற்றடி வாளித் தண்ணீரை அவற்றின்மேல் ஊற்றினான். நாலும் சிதறின.

"உதுக்குள்ளை ஆர் மீன் போட்டது?"

"நான்தான். அது தின்னேல்லை. பாவமாக் கிடந்துது."

"வெள்ளிக்கிழமையிலையோ? ஆஞ்சநேயர் கோயில் உதிலைதானே கிடக்கு, அவருக்கும் மணம் போயிருக்கும்." சிரித்துக்கொண்டே குனிந்து கறுப்பியின் காதைத் தடவிப் பார்த்தான். சின்னக் கீறல்தான். "சரி, திரும்பக் குழைப்பம். நீர் போய்ச் சாப்பிடும், நான் வாறன்."

ஆரபி அசையவில்லை. அவளுடைய சட்டையும் நனைந்திருந்தது.

"நான் சாப்பிடேல்லை."

"ஏன், கோவமோ?"

"கோவமில்லை." விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். அது வழுக்கி விழுந்தது, எடுக்கவில்லை. "இஞ்சாருங்கோ… ஒருநாளைக்கு என்னோடை இருந்து சாப்பிடுங்கோ. எனக்குப் பக்கத்திலை, கதிரையிலை இருந்து."

ஈரம் சொட்ட நின்ற நாலும் சுபாஸின் கையைப் பார்த்தன. வாளியைக் கீழே வைக்க மறந்து அவன் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.