வானத்திலிருந்து பார்த்த நெருப்பு

அப்பா காலையிலிருந்து உட்காரவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடக்கிறார், பீடியைப் பற்றவைத்து உடனே அணைக்கிறார். கிராம நிர்வாக அலுவலர் தியாகேசன் விசாரணைக்கு வருகிறார். மடத்திடமிருந்து நாங்கள் குத்தகைக்கு எடுத்த வயலில் எரிந்த தீயைச் செயற்கைக்கோள் பார்த்துவிட்டதாம்.

டெல்லியில் ஒரு மசோதா வரப்போகிறது. அறுத்த வயலில் மிஞ்சும் நெல்தாளைக் கொளுத்தினால் வானத்திலிருந்தே கண்டுபிடித்து, காற்றைக் கெடுத்ததற்கு வரி போடுவார்கள். சட்டமே இன்னும் ஆகவில்லை, அதற்குள் குடவாசல் பக்கம் ஒத்திகை. ஒத்திகை என்றால் மட்டும் எங்கள் தெரு எல்லாருக்கும் நினைவு வந்துவிடுகிறது.

தியாகேசன் வந்தார். நல்ல மனிதர்தான், நான் கொடுத்த டீயை மறுக்காமல் வாங்கிக்கொண்டார். கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். பச்சை வயல்களுக்கு நடுவே சிவப்பாக ஒரு புள்ளி.

"சாமிதுரை, தாளக் கொளுத்துனீங்களா?"

"இல்லிங்க. அது எம் பொஞ்சாதி."

அவர் என்னைப் பார்த்தார். நான்தான் விளக்க வேண்டியிருந்தது. ஐப்பசி மழையில் அம்மா இறந்துபோனாள். எங்கள் தெருவுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே ரெங்கசாமியின் வயல். அறுவடை முடிந்திருந்தால் அதில் இறங்கித் தூக்கிப் போவோம். பயிர் நின்றால் விடமாட்டார். ஆக, எங்கள் தெருவில் சாகிறவர்கள் அறுவடை பார்த்துச் சாக வேண்டும். அம்மாவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. குறுவை அறுத்துக் கிடந்த எங்கள் வயல் மேட்டில், மேலே தகரத்தைப் பிடித்துக்கொண்டு வறட்டி அடுக்கி, மழை விட்டு வானம் வெளுத்ததும் எரித்தோம். உதயசூரியனும் இரட்டை இலையும் மாறி மாறிப் பாதை தருவதாகச் சொல்லிவிட்டுப் போயின. பாதைதான் வரவில்லை.

தியாகேசன் குரலைத் தாழ்த்தினார். "மடத்து நெலத்துல பொணம் எரிச்சதா எழுதுனா குத்தகைய ரத்து பண்ணிடுவாங்க. அதத் தன் பேருக்கு மாத்திக்க ரெங்கசாமி காத்துக்கிட்டிருக்காரு. தாளுன்னே சொல்லிடுங்க. சட்டம் இன்னும் வரலல்ல, எச்சரிக்கையோட போயிடும்."

கூலிக்கு நாற்று நட்டவர்கள் கைக்கு முதன்முதலாக வந்த நிலம் அது. திருவாரூரில் நான் டீச்சராக இருப்பதே அந்த நெல்லால்தான்.

"தாளுன்னே சொல்லிடுங்கப்பா" என்றேன்.

அப்பா கொல்லைக்குப் போனார். வந்தார். மறுபடி போனார். தியாகேசன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் படத்தக் கொஞ்சம் பெருசாக்குங்க சார்."

தியாகேசன் பெரிதாக்கினார். அப்பா எங்கள் தெருவின் மேல் விரலை வைத்து, சுடுகாடுவரை மெதுவாக நகர்த்தினார். விரல் பச்சையிலேயே போனது.

"நெருப்பு தெரியுது. பாதை எங்கயாவது தெரியுதா?"

"தெரியல."

"அதையும் எழுதுங்க. அவள தாளுன்னு எழுதாதீங்க. அவ பேரு ராமாயி. நெலம் போனா போவட்டும்."

தியாகேசன் பேனாவைத் திறந்து ஒருமுறை அப்பாவைப் பார்த்தார். பிறகு எழுதினார். அப்பா அவர் தோளருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் பெயர் காகிதத்தில் வந்த பிறகுதான், சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்தார்.