பின்னால் இழுத்தால் சுற்றாத மிஷின்

1
இந்தக் கதை வேலனின் வலது ஆள்காட்டி விரலிலிருந்து வந்தது. அதன் நுனி இப்போது இல்லை. ‘நான்’ என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. அதனால் எனக்குக் கிருபாசங்கர் என்று பெயர் வைத்து, யாரோ மாதிரி சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2
முதல் தொடக்கம்: “துடியலூரில் பிரான்சிஸ் என்றொரு மெக்கானிக். பழைய மிஷின் என்றால் அவருக்கு உயிர். ஒருநாள் அவசரத்தில்…”

அடித்துவிட்டேன். பிரான்சிஸ் என்று யாருமே இல்லை. பழியைத் தூக்கிப் போட ஒரு ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். மிஷினைக் கழற்றியது கிருபாசங்கர். வீடியோ பார்த்துக் கழற்றினான்.

3
அவன் வீட்டுப் புல்தரைக்கு ஒரு கை மிஷின், அப்பாரு, அதாவது தாத்தா, காலத்தது. தள்ளினால் பிளேடு சுற்றிப் புல்லை வெட்டும். பின்னால் இழுத்தால் சுற்றாது. அதனால் புல் சிக்கினால், தோட்டவேலை பார்க்கும் வேலன் ஒரு கையால் பின்னால் இழுத்துக்கொண்டே மறு கையை விட்டு எடுப்பார். இருபது வருசப் பழக்கம்.

சக்கரங்களுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. மாற்றி மாட்டினால் தள்ளும்போது பிளேடு சுற்றாது, பின்னால் இழுக்கும்போது சுற்றும். கிருபாசங்கர் இரண்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, ஒரே தட்டில் காயவைத்து, மாற்றி மாட்டினான். தள்ளிப் பார்க்கக்கூட இல்லை. பெயின்ட் அடித்து ஃபோட்டோ போட்டான் மகராசன்.

மறுநாள் வேலன் தள்ளினார். வெட்டவில்லை. புல் சிக்கியிருக்கும் என்று எப்போதும்போல் பின்னால் இழுத்துக் கையை விட்டார். பிளேடு சுற்றிவிட்டது.

4
ஆஸ்பத்திரியில் வேலன்: “ஏனுங்க, மிஷினுக்கு ஒண்ணும் ஆகலீங்களே? எங்கைதானுங்க நெதானம் தப்பிப்போச்சு. இனி வேலைக்கு வரலீங்க.”

கிருபாசங்கர்: “பாத்துச் செய்யக்கூடாதாண்ணா?”

(அந்த ‘அண்ணா’ பொய். ‘வேலா’ என்றுதான் கூப்பிட்டேன். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, எனக்கு முப்பத்தாறு. மரியாதையெல்லாம் கதையில்தான்.)

அன்று மத்தியானமே மிஷினைத் திறந்து இரண்டையும் சரியாக மாட்டிவிட்டேன். இப்போது அருமையாக வெட்டுகிறது. வெட்கக்கேடு.

5
முடிவு ஒன்று: கிருபாசங்கர் வேலனின் ஊரான அன்னூருக்குப் போய் உண்மையைச் சொல்கிறான், வேலன் சிரித்து மன்னிக்கிறார். சேச்சே. அவர் மன்னிப்பையும் நானே எழுதிக்கொள்வதா?

முடிவு இரண்டு: வேலன் தானாகவே கண்டுபிடித்து

வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன். அவர் மனைவி பாவாத்தாள் ஃபோன் செய்தார். “மம்பட்டியக்கூடத் தொட மாட்டேங்கறாருங்க. எங்கைய என்னாலயே நம்ப முடியலேங்கறாரு. நீங்க சொன்னாக் கேப்பாருங்க. ஒரு வார்த்தை வந்து சொல்லிப்போட்டுப் போங்க.”

“வாரேங்க” என்றேன். ஒன்பது நாளாகிறது.

அந்த ஒரு வார்த்தை உங்களுக்குத் தெரியும். உங்களிடம் சொல்ல முடிகிறது; நீங்கள் வேலன் இல்லையே. கடைசி வரியை நான்கு முறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் இங்கேயே நிற்கிறது:

கதவைத் திறந்த வேலன், கட்டுப் போட்ட கையோடு நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க” என்றார். கிருபாசங்கர்