ஆதிரனிடம் திருப்பித் தந்தவை

நடிகர் ஆதிரன் சினிமாவிலிருந்து ஓய்வு பெற்றதால், அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதையெல்லாம் ரசிகர்கள் மாதக் கடைசிக்குள் திருப்பித் தர வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. எங்கள் ஊர் சமுதாயக் கூடத்தில் அதற்காக மேசை போட்டிருந்தார்கள். மன்றத் தலைவர் என்ற முறையில் நான்தான் வரிசையில் முதலில் நின்றேன். முதல் நாள் முதல் காட்சிக்கே முண்டியடித்துப் பழகியவனுக்கு இதில் மட்டும் பின்தங்க மனம் வரவில்லை.

எழுத்தர் கமலக்கண்ணன் பொறுமைசாலி. முடியைக் கோதிவிடும் பழக்கத்தை முதலில் வாங்கிக்கொண்டார். அடுத்தது நடை. அதைக் கொடுத்த பிறகு என்னை நாற்காலியோடு தூக்கித்தான் நகர்த்தினார்கள். கையெழுத்து, கோபப்படும் விதம் எல்லாம் போயின. பெயருக்கு முன்னால் இருந்த 'ஆதிரன்' என்பதை எடுத்ததும், இருபது வருடமாக யாரும் கூப்பிடாத செல்லப்பாண்டியும் கூடவே உதிர்ந்துவிட்டது.

"சிரிப்பு?" என்றார்.

"அது என்னோடது சார்."

அவர் ஒரு பழைய படத்தைப் போட்டுக் காட்டினார். அதில் ஆதிரன் சிரித்தார். நான் சிரிப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

பக்கத்தில் நின்ற என் மனைவி சுந்தரவல்லி, "அதப் பாத்துத்தான் சார் இவரக் கட்டிக்கிட்டேன்" என்றாள். அப்படியானால் கல்யாணமும் பட்டியலில் வரும் என்று எழுத்தர் குறித்துக்கொண்டார். அவள் தலையாட்டிவிட்டு ஓரடி தள்ளி நின்றாள்.

மகளுக்கு எட்டு வயது. தாரகை என்பது ஆதிரன் படத்துக் கதாநாயகியின் பெயர் என்பதால் அதையும் கொடுத்தோம். பள்ளிப் பதிவேட்டில் அந்த இடத்தில் இப்போது ஒரு கோடு இருக்கிறது. கோடு வந்ததும் டீச்சர் சற்று நிறுத்துவார், இவள் 'உள்ளேன் டீச்சர்' என்பாள்.

"உங்களுக்குன்னு சொந்தமா ஒண்ணாவது இருந்தா பிள்ளைய வச்சுக்கலாம்," என்றார் கமலக்கண்ணன். "இல்லேன்னா ஆதிரன் வீட்டுக்கு அனுப்பணும். அங்க ஏற்கெனவே நாலாயிரம் பிள்ளைங்க இருக்காங்க."

எனக்கு எவ்வளவு யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை. நாற்பத்தோரு வயதில் ஒன்றுகூடவா இல்லை என்று அவமானமாக இருந்தது. மகள்தான் வாய் திறந்தாள்.

"அப்பா எனக்குச் சடை பின்னுவாரு சார். இடது சடை மட்டும் கோணலா வரும்."

ஆதிரனின் நூற்றுப் பன்னிரண்டு படங்களிலும் தேடினார்கள். எதிலும் அவர் யாருக்கும் சடை பின்னவில்லை. கோணல் சடை எனக்குரியதாகப் பதிவாயிற்று. அதற்குத் தேவையான இரண்டு கைகளை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டார்கள். மகள் என்னை ஒரு துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

சுந்தரவல்லி என்னைக் கடந்து போகும்போது முந்தானையைச் சரிசெய்துகொள்வாள், வேற்று ஆள் அல்லவா. மகள் தினமும் காலையில் என்னை அலமாரியிலிருந்து எடுப்பாள். பின்னி முடித்ததும் எண்ணெயைத் துடைத்து, மடித்து வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போவாள். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் அப்பாவாக இருந்தேன். மன்றத்தில் இருந்த காலத்தில் அவ்வளவு நேரம்கூட இருந்ததில்லை. அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

சென்ற சனிக்கிழமை அவள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தாள். டிவியில் பாடும் மிருணா அப்படித்தான் வெட்டியிருக்கிறாளாம். நடையில் புதிதாக ஒரு துள்ளல் இருந்தது.

"இனிமே நான் மிருணா. நல்லாருக்காப்பா?" என்று என் முன்னால் சுற்றிக் காட்டினாள்.

வாய் இல்லாதவன் வேறென்ன செய்வது. கை தட்டினேன்.

சத்தம் கேட்டுக் கமலக்கண்ணன் வந்துவிட்டார். கைதட்டல் ஆதிரனுக்குரியது என்றும், சடை இல்லாததால் கைகளுக்கு இனி வேலை இல்லை என்றும் சொல்லி என்னைப் பையில் போட்டுக்கொண்டார். பிள்ளையையும் கூட்டிப் போவாரோ என்று பைத் துணியை உள்ளிருந்து இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாப்பா ஆதிரன் வீட்டுக்கு வர வேண்டாம். நீங்க இப்ப மிருணாவோட பிள்ளை. அவங்களுக்குப் பதினோரு வயசுதான் ஆகுது. பெரியவங்களானதும் வந்து கூட்டிட்டுப் போவாங்க."

மகள் 'சரி' என்று சொல்லி, புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். சுந்தரவல்லி அவளுக்கு ஒரு பாயைக் கொண்டுவந்து போட்டாள்.