இரும்புக் கொக்கின் அசல் வேகம்

ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி முதல் தேதி காலை பத்து மணிக்கு, பெரிகூல் என்ற கோதுமை ஊரில் நாற்பத்து மூன்று பேருக்கு ரஸ்ஸல் வெல்லாவிடமிருந்து ஒரு மின்னஞ்சல் போகும். தலைப்பு: 'என் வாழ்வின் தலைசிறந்த பத்து வீடியோ கேம்கள் – திருத்திய பதிப்பு.' அந்த நாற்பத்து மூன்று பேரில் ஒருவரும் அதைக் கேட்டு வாங்கியதில்லை. மூன்று பேர் நிறுத்தச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். அவர்களுக்கும் போய்க்கொண்டுதான் இருந்தது.

ஏழாவது இடத்திலிருந்த கார்ப் பந்தயம் ஒன்பதாவதுக்கு இறங்கினால், ஏன் இறங்கியது என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கம் இருக்கும். மந்திரி பதவி பறிபோனவருக்குக்கூட அவ்வளவு விளக்கம் கிடைக்காது. ஆனால் முதலிடம் மட்டும் முப்பத்து நாலு வருஷமாக மாறவில்லை. அது 'இரும்புக் கொக்கு.' கொக்கு மூக்குள்ள ஒரு விண்கலம் இடமிருந்து வலமாகப் பறந்து, எதிரே வருவதையெல்லாம் சுட வேண்டும். கதை அவ்வளவுதான். ரஸ்ஸல் சொல்லிக் கேட்டால் அதில் தத்துவம் இருக்கும்.

ரஸ்ஸலுக்கு நாற்பத்தேழு வயது. பிழைப்புக்கு, தானியக் கிடங்கில் லாரி லாரியாக வரும் கோதுமைக்கு ஈரம் பார்க்கிறார். வாழ்க்கைக்கு, வீட்டுப் பின்புறத்து ஷெட். அந்த ஷெட்டில் கார் நின்று பதினாறு வருஷமாகிறது. அட்டாரியில் தொடங்கி நேற்று வந்தது வரை முப்பத்தொரு வீடியோ கேம் கன்சோல்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவார். அட்டாரி வீட்டுக்கு வந்த கிறிஸ்துமஸை வைத்துத்தான் தன் காலத்தையே முன், பின் என்று பிரிப்பார். மெகா டிரைவ் அவருடைய வாலிபம். ட்ரீம்காஸ்ட் அல்பாயுசில் போன மேதை. அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துவார். பிளேஸ்டேஷன் டிஸ்க் லோடாகிற இடைவேளையில்தான் நரெலிடம் கல்யாணம் பேசினார். அவள் யோசித்துப் பதில் சொல்வதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டதால், சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

இத்தனை பெருமைக்கும் வேர் ஒன்றே ஒன்று. 1991 ஜனவரி, பள்ளி விடுமுறையில், கடைத்தெரு மின்சாமான் கடைக்காரர் ஒரு போட்டி வைத்தார். பதின்மூன்று வயது ரஸ்ஸல் மெகா டிரைவில் இரும்புக் கொக்கை ஒரே உயிரில் ஏழு லெவலும் ஓட்டி முடித்து, நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து அறுநூறு புள்ளிகள் எடுத்தான். இரண்டாவது வந்தவள் கே லிண்ட்க்விஸ்ட். இப்போது அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ரஸ்ஸலைப் பார்க்கும்போதெல்லாம் பேருந்தின் ஜன்னலைத் திறந்து, "டேய் சாம்பியன்! கொக்கு சவுக்கியமா?" என்று கத்தாமல் போனதில்லை.

இந்த ஆண்டு அந்தப் பெருமை கதவு ஏறப் போகிறது. மூடிக் கிடந்த பழைய வங்கிக் கட்டடத்தை நகராட்சி 'விளையாட்டுக் கூடம்' ஆக்குகிறது. உள்ளே ரஸ்ஸலின் முப்பத்தொரு கன்சோல்கள். வாசற்கதவில் பித்தளைப் பலகை: 'ரஸ்ஸல் வெல்லா கூடம்.' கீழே, 'தோல்வியறியாச் சாம்பியன்', அதற்கும் கீழே அந்த எண். மேயர் மார்லீன் டகட் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"திறப்பு விழாவுல நீங்க அந்த கொக்கை எங்களுக்கு ஒரு தடவை ஓட்டிக் காட்டணும் ரஸ்ஸல். ஒரே உயிர்ல. நீங்க முடிச்ச கையோட பலகைத் துணியை நான் இழுக்கறேன். போட்டோ நல்லா வரும்."

"தாராளமா," என்றார் ரஸ்ஸல். அவர் கண்ணுக்கு அப்போதே பித்தளை மின்னியது.

சாதாரண ஆள் என்றால் ஷெட்டிலிருக்கும் மெகா டிரைவை எடுத்துத் துடைத்துக்கொண்டு போயிருப்பான். ரஸ்ஸல் சாதாரண ஆள் இல்லை. ஜப்பானிலிருந்து, 1988இல் செய்து இதுவரை யாரும் பிரிக்காத ஒரு மெகா டிரைவையும், அதே மாதிரி சீல் உடையாத இரும்புக் கொக்குக் கேசட்டையும் தருவித்தார். வந்த அன்றைக்குப் பின்கட்டில் அடுப்பைப் பற்றவைத்து, ஆட்டுக்கறித் துண்டுகளைத் திருப்பிப் போட்டபடி, வந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தார்.

"நாம சின்ன வயசுல ஆடினது எதுவுமே அசல் இல்லப்பா. ஜப்பான் டிவில வினாடிக்கு அறுபது படம். நம்ம ஊர் டிவில அம்பது. அதனால இந்த நாட்டுக்கு வந்த கேமெல்லாம் ஆறுல ஒரு பங்கு மெதுவா ஓடிச்சு. பாவம், இங்க இருக்கற ஜனங்க ஒரு தலைமுறையே தூக்கத்துல ஆடியிருக்காங்க. அது அவங்களுக்கே தெரியாது."

"அப்ப நீயும்..." என்று நரெல் தொடங்கினாள். கையில் உருளைக்கிழங்கு சாலட் கிண்ணம்.

"நான் வேற, நரெல்," என்றார் ரஸ்ஸல், கறியைத் திருப்பிக்கொண்டே.

"எப்படி வேற?"

"ஆட்டம் விரல்ல இருக்கு. பெட்டில இல்ல."

கே ஒரு தொத்திறைச்சியை ரொட்டியில் சுருட்டிக் கடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "எதுக்கும் விழாவுக்கு முந்தின நாள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடேன்டா," என்றாள்.

ரஸ்ஸல் அவளைப் பார்த்த பார்வையில் அனுதாபம் இருந்தது. "முப்பத்தேழு வருஷமா உடையாத சீல், கே. அதை ஷெட்ல வெச்சு, செருப்புக் காலோட உடைக்கச் சொல்றியா? மேடைல, எல்லார் முன்னாடியும், ஒரே ஒரு தடவைதான் உடைக்க முடியும்."

"சரிடா சாமி. நீ உடை. நாங்க கை தட்டறோம்."

சீல் உடையாத பெட்டியை வாங்கி, சீல் உடையாமலே வைத்திருந்து, சீல் உடையாமலே செத்துப்போவதுதான் பழைய கேம் சேகரிக்கிற கூட்டத்தில் பெரிய மனுஷத்தனம். அதை உடைக்க ஒப்புக்கொண்டதையே ரஸ்ஸல் ஊருக்குத் தான் செய்யும் தியாகமாக நினைத்தார்.

விழா நாளன்று வங்கிக் கட்டடம் நிரம்பி வழிந்தது. வாசலில் தீயணைப்புப் படைக்காரர்கள் வெங்காயத்தை வதக்கித் தொத்திறைச்சி விற்றார்கள். உள்ளே, ஒரு காலத்தில் காசாளர் உட்கார்ந்த இடத்தில், இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பழைய டப்பா டிவி. ரஸ்ஸல் எல்லாவற்றையும் யோசித்திருந்தார். ஜப்பான் பெட்டி நம் ஊர் மின்சாரத்தில் கருகிவிடாமலிருக்க மின்மாற்றி. ஜப்பான் படத்தைக் காட்டத் தெரிந்த டிவி. உட்காரத் தன் வீட்டு நாற்காலி. கழுத்தில் டை.

சீல் உடைக்கும் சடங்கு பத்தொன்பது நிமிடம் நடந்தது. கையுறை, சின்னக் கத்தி, ஒவ்வொரு அட்டைக்கும் தனி விளக்கம். பாலிதீன் உறையை மேயரிடம் நீட்டி, "முகர்ந்து பாருங்க," என்றார். மேயர் முகர்ந்தார். வேறென்ன செய்வார், முன்வரிசையில் உள்ளூர்ப் பத்திரிகை நின்றிருந்தது. "பிளாஸ்டிக் வாசனை," என்றார்.

"எண்பத்தெட்டாம் வருஷத்து வாசனை," என்று ரஸ்ஸல் திருத்தினார்.

கேசட்டைச் செருகினார். சுவிட்சைப் போட்டார். பாட்டு வந்தது. முப்பத்து நாலு வருஷமாகக் குளிக்கும்போது முணுமுணுத்த அதே பாட்டு. ஆனால் யாரோ பின்னாலிருந்து துரத்துகிற மாதிரி ஓடியது. ரஸ்ஸல் திரையை நிமிர்ந்து பார்த்தார். விரல் அதற்குள் பொத்தானை அழுத்திவிட்டது.

கொக்கு பறந்தது. முதல் வரிசை எதிரிகள் அவர் நினைத்த இடத்தில்தான் வந்தார்கள். நினைத்த நேரத்தில் வரவில்லை, அதற்கு முன்னாலேயே வந்தார்கள். விரல்கள் முப்பத்து நாலு வருஷமாக அறிந்த தாளத்தில் அழுத்தின. தாளம் வேறாக இருந்தது. இரண்டாவது வரிசையை எப்படியோ கடந்தார். டை தோள்மேல் போய்விட்டது. மூன்றாவது வரிசையில் ஒரு சின்னப் பறக்கும் தட்டு, ஊரிலுள்ள ஆறு வயதுக் குழந்தைகூட ஒதுங்கிப் போகிற தட்டு, நிதானமாக வந்து கொக்கின் மூக்கில் இடித்தது.

வெடித்தது. திரையில் எழுத்து விழுந்தது: ஆட்டம் முடிந்தது. புள்ளிகள்: மூவாயிரத்து நூறு. நேரம், நாற்பத்தொரு வினாடி.

கூடத்தில் வெங்காயம் பொரிகிற சத்தம் கேட்டது.

மேயர் கையைத் தட்டத் தொடங்கி, தட்டுவதா வேண்டாமா என்று பாதியில் நிறுத்தினார். "இது... முன்னோட்டமா ரஸ்ஸல்?"

"வெளிச்சம்," என்றார் ரஸ்ஸல். "ஜன்னல் வெளிச்சம் திரைல அடிக்குது." ஒருவர் போய் ஜன்னலை மூடினார். "அப்புறம் கன்ட்ரோலர். புதுசு. பொத்தான் இறுக்கமா இருக்கு."

நரெல், சாலட் கிண்ணத்தோடு அன்றைக்குக் கேட்ட கேள்வியை இன்றைக்குக் கண்ணால் கேட்டாள். அதுதான் வாயால் கேட்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"நகரு," என்றாள் கே. பேருந்துச் சீருடையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீ அசந்து போற நாளுக்காக முப்பத்து நாலு வருஷமா காத்திருக்கேன்." கொக்கைக் கிளப்பினாள். இருபத்தாறு வினாடியில் செத்தாள். ஆயிரத்து எண்ணூறு புள்ளி.

கே பின்னால் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அடப்பாவி! இன்னிக்கும் நான் ரெண்டாவதா? இதுல அந்தத் தட்டு எவ்ளோ வேகமா வருது பாரு!"

மேயர் நெருங்கி வந்து ரஸ்ஸலின் காதோரம் குனிந்தார். நல்ல மனுஷி, வழிவிடத் தெரிந்தவர். "ஒண்ணும் பிரச்சினை இல்ல. ஜப்பான் மெஷின்ல கோளாறுன்னு மைக்ல சொல்லிடறேன். துணியை இழுத்துடலாம். பலகை ரெடியா இருக்கு."

ரஸ்ஸல் கதவைப் பார்த்தார். சிவப்புத் துணிக்கு அடியில் தன் பெயர். ஒரு வார்த்தை போதும். ஊர் நம்பும். உண்மையில் ஊர் அதைவிடப் பெரிய பொய்களையெல்லாம் தேர்தலுக்குத் தேர்தல் நம்பியிருக்கிறது. அவர் வாய் திறந்தது. 'கோளாறு' என்ற சொல்லின் முதல் எழுத்துகூட நாக்குக்கு வந்துவிட்டது.

ஆனால் பெட்டியில் கோளாறு என்று சொல்ல அவரால் முடியவில்லை. முப்பத்தேழு வருஷம் சீல் உடையாமலிருந்து, கடல் தாண்டி வந்து, முதல் சுவிட்சிலேயே அச்சுப் பிசகாமல் ஓடிய பெட்டி. அதன் மேல் பழி போட எந்தக் கன்சோல் பிரியனுக்கு மனசு வரும்? மேயரிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"பெட்டில ஒரு குறையும் இல்ல," என்றார். "பெட்டி அசல். நான்தான்... தொண்ணூத்தொண்ணுல நான் எடுத்த நாலு லட்சமும் தூக்க வேகத்துல எடுத்தது."

"சத்தமா சொல்லுடா! பின்னாடி கேக்கல!" என்று கத்தினாள் கே.

"தூக்க வேகத்துல!"

சிரிப்பு கூரையில் முட்டியது. பரிகாசம் இல்லை, கூடத்திலிருந்த நாற்பது வயதுக்காரர்கள் எல்லோரும் அதே தூக்கத்தில் வளர்ந்தவர்கள்தானே. அங்கேயே நிறுத்தியிருந்தால் ரஸ்ஸல் பெரிய மனிதராகியிருப்பார். ஆனால் மைக் கையிலிருந்தது. தன் அடக்கத்தைப் பற்றி அவர் பேசத் தொடங்கினார். அடக்கம் எப்படி வரும், தனக்கு எப்போது வந்தது, மற்ற ஊர்க்காரர்களுக்கு ஏன் இன்னும் வரவில்லை என்றெல்லாம் விளக்கினார். ஆட்டம் நாற்பத்தொரு வினாடி. ஒப்புதல் பதினோரு நிமிடம். கடைசியில் நரெல் வந்து மைக்கின் சுவிட்சை அணைத்தாள்.

"பலகையை என்ன செய்யறது?" என்றார் மேயர்.

"மூடியே இருக்கட்டும்," என்றார் ரஸ்ஸல். இந்த முறை சுருக்கமாகச் சொன்னார், மைக் இல்லை. "இந்த ஊர்ல யாராவது ஏழு லெவலையும் இந்த வேகத்துல முடிச்சா, அவங்க பேரை வெட்டி மாட்டுங்க."

சொல்லி முடித்தபோது கண் சிவப்புத் துணிமேல் போனது. ஒரு கணம்தான். ஏனென்றால் அதற்குள் தீயணைப்புப் படைக்காரர் ஒருவர், இடுக்கியைக் கையில் பிடித்தபடியே, நாற்காலியில் உட்கார்ந்து செத்திருந்தார். அடுத்து மருந்துக் கடைக்காரி. மேயர் ஒன்பது வினாடியில் செத்து, "எண்ணவே வேண்டாம், நான் தயாரா இல்ல," என்றார். செத்தவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போகாமல் வரிசையின் வாலில் போய் நின்றார்கள். வரிசை வாசலைத் தாண்டி வெங்காயப் புகைக்குள் நீண்டது. யாரோ ஒருவர் சுவரில் காகிதம் ஒட்டிப் புள்ளிகளை எழுதத் தொடங்கினார்.

ரஸ்ஸல் டையைக் கழற்றினார். கையுறையைக் கழற்றி எங்கேயோ வைத்தார், எங்கே என்று பிறகு தேடவில்லை. முதலில் ஓரமாக நின்றார். பிறகு நாற்காலிக்குப் பின்னால். "மேல போ, மேல! தட்டு வருது! ஐயோ!" பிறகு அவரும் வரிசையில்.

சாயங்காலம் காகிதத்தில் அவர் பெயர் நான்காவதாக இருந்தது. முதலாவதாக இருந்தது நரெல். போனில் பழங்களை வரிசை சேர்ப்பதைத் தவிர வேறு ஆட்டம் ஆடியறியாதவள். பழைய தாளம் எதுவும் விரலில் இல்லாததால் வந்ததை வந்தபடி சுட்டு, இரண்டாவது லெவலின் கடைசியில் நிற்கும் பெரிய எதிரி வரை போய்விட்டாள்.

"எப்படிப் போன?" என்று கேட்டார் ரஸ்ஸல். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்; அவர் ஷெட்டில் இதுவரை அப்படி ஒரு கேள்வி ஒலித்ததில்லை.

"கண்ணைத் திறந்து வெச்சுகிட்டு ஆடினேன்."

அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் முன்னால் ஏதோ சலசலப்பு. மேயர், யாரிடமோ நலம் விசாரிக்கிற சாக்கில், வரிசையில் நாலு பேரைத் தாண்டி முன்னே போய் நின்றிருந்தார்.

"மேயரம்மா!" என்று கூப்பாடு போட்டார் ரஸ்ஸல் வெல்லா. "எங்க போறீங்க? வரிசைன்னா வரிசை. அடுத்தது நான்!"