பிடுங்கிய வயர்

அன்று ஷைமாவுக்கு அண்ணன்மேல் வந்ததைக் கோபம் என்று சொன்னால் போதாது. கொதித்துப் போனாள்.

காளவாசல் பகுதியில் இருந்த வீட்டின் மாடியறையில்தான் அவள் கிடார் வாசிப்பாள். அவளுடையது பழைய ரேடியோக்களில் இருந்ததுபோல் கண்ணாடி வால்வு போட்ட ஆம்ப்ளிஃபயர். சத்தத்தைக் குறைத்து வைத்தால் தகரத்தைத் தட்டினாற்போல் இருக்கும். முழுக்கத் திருகி வால்வு திணறினால்தான் அந்தக் கனத்த, கரகரத்த நாதம் வரும். முழுக்கத் திருகினாலோ தெருவே வாசலில் வந்து நிற்கும். நின்றதும் உண்டு. அண்ணன் முகமது ஆசிப்தான் கெஞ்சி அனுப்பிவைத்தான்.

அதற்காகவே ஒரு பெட்டி வாங்கினாள். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மாட்டினால், கூடுதல் பவரையெல்லாம் அது சூடாக்கி விழுங்கிவிடும். ஆம்பு முழுமூச்சாகப் பாடும். வெளியே வருவதோ இரண்டு பேர் பேசிக்கொள்ளும் அளவுதான். முதல்நாள் கேட்டபோது அழுதேவிட்டாள்.

அவள் வாசித்து அனுப்பிய ஒரு துண்டைக் கேட்டுவிட்டு, சென்னை இசையமைப்பாளர் ஒருவர் சொல்லியிருந்தார்: “இதே டோன்ல முழுசா வாசிச்சு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அனுப்பும்மா. இல்லைன்னா வேற ஆளை வச்சுக்கிறேன்.” சினிமாவில் அவளுக்கு அதுதான் முதல் பாட்டு.

அன்று காலை பார்த்து எதிர்வீட்டு விருமாண்டி இறந்துபோனார்.

ஆசிப் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறவன். தெருவில் கேதம் என்றால் முதலில் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கு, மற்றதைப் பிறகு பார் என்பது அந்தத் தொழிலில் ஊறிய பழக்கம். அவனுடைய செட்டுகளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. வால்வு ஆம்புக்கு ஆகும். ஸ்பீக்கர் வயரில்லாமல் வாசித்தால் உள்ளே கருகிவிடும். அதை அவள் எத்தனையோ தடவை சொல்லியும் செவிடன் காதில் ஊதிய சங்காகத்தான் போயிற்று.

கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று சத்தம் நின்றது. கிடார் வயர்தான் லூஸ் என்று நினைத்துக் கம்பிகளை ஓங்கி ஓங்கி அடித்தாள். கருகல் நாற்றம் வந்தது. திரும்பினாள். ஆம்பின் முதுகிலிருந்து பிடுங்கிய வயரோடு ஆசிப் நின்றான்.

“எதிர்த்தாப்புல கேதம் கெடக்கு. உனக்குப் பாட்டு கேக்குதா?”

“பாவி! வாயில சொன்னா நிறுத்த மாட்டேனா? அம்புட்டுத் தூரம் சொன்னேனேண்ணே, பிடுங்காத பிடுங்காதன்னு!”

“நான் பாக்காத செட்டா? ஃபியூஸ்தான் போயிருக்கும்.”

“உள்ள இருக்குற டிரான்ஸ்ஃபார்மரே போச்சு! மோந்து பாரு! என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே!”

“தெருவுல நாலு பேரு என்ன சொல்லுவாங்க? நாளைக்கு நான் அவுங்க மொகத்துல முழிக்க வேணாமா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் கீழ்வீட்டுப் பாண்டியம்மாள் மாடிப்படியில் ஏறி வந்தாள். இறந்தவரின் தங்கை அவள். அழுது கண் வீங்கியிருந்தது.

“ஏத்தா ஷைமா, காலையில இருந்து உன் பொட்டிச் சத்தமே காணோம். எங்க அண்ணனுக்காக வாசிக்காம இருக்கியாக்கும்? நல்லாயிருப்ப தாயி. வந்த சனத்துக்குக் குடுத்துக் கீழ கொடம் காலி; குடிக்கத் தண்ணி கொஞ்சம் குடு.”

ஷைமா தண்ணீர் மொண்டு கொடுத்தாள். பாண்டியம்மாள் இறங்கிப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

“கேட்டியா?” என்றாள்.

ஆசிப் குனிந்து, அந்த வயரைக் கருகிப்போன ஆம்பில் பழையபடி மாட்டினான்.