பட்டியலில் இல்லாத மீனுக்கு நோய் வராது

நீர்வாழ் உயிரின நலப் பிரிவில் மீன் டாக்டராக இருந்தவளுக்கு வேலை மூன்று: குளம் குளமாகப் போவது, செத்த மீனைப் பொறுக்குவது, படிவம் நிரப்புவது. இவற்றில் மூன்றாவதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள் என்பது சேர்ந்த ஒரே மாதத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

அலுவலகத்தின் உயிர்நாடி ஒரு பட்டியல். எந்த நோய் எந்தெந்த மீனுக்கு வரக்கூடும் என்று அதில் இருக்கும். பெயர் உள்ள மீனை வேறு இடத்துக்குக் கொண்டுபோக நோயில்லாச் சான்றிதழ் வேண்டும். பெயர் இல்லாத மீன் மாப்பிள்ளை மாதிரி போகலாம், யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். செவுள் அழுகல் நோய்க்கான பட்டியலில் ஏழு மீன்கள் இருந்தன. கெண்டை இருந்தது, தங்கமீன் இல்லை.

அந்த இடைவெளியில்தான் அவளுடைய அண்ணன் பண்ணை வைத்திருந்தான். கெண்டையையும் தங்கமீனையும் கலந்து ஒரு புது மீனை உண்டாக்கி, ‘மின்னல்’ என்று பெயரிட்டு, சான்றிதழ் கீன்றிதழ் என்ற தொல்லை எதுவும் இல்லாமல் லாரி லாரியாக அனுப்பிக்கொண்டிருந்தான். அதன் உடம்பு கெண்டையினுடையது, பளபளப்பு தங்கமீனுடையது, வாய் மட்டும் உங்கள் அண்ணனுடையது என்பாள் அண்ணி. எந்நேரமும் திறந்தே இருக்குமாம். விடியற்காலையில் தீனி போடுவது, தொட்டி கழுவுவது, எந்தத் தொட்டியில் எது பொரித்தது என்று நோட்டில் எழுதுவது எல்லாம் அண்ணி. முதலாளி என்று பலகையில் போட்டுக்கொண்டது மட்டும் அண்ணன்.

சிக்கல் ஒரு குளத்துக்காரம்மாவின் போனில் ஆரம்பித்தது.

“டாக்டரம்மா, மின்னல் எல்லாம் மல்லாந்து மிதக்குது. வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தாள். செவுளைத் தூக்கினால் வெளிறி, ஓரமெல்லாம் அரித்துப் போயிருந்தது. கல்லூரியில் முதல் வருடம் படிக்கிற பெண்கூடச் சொல்லிவிடுவாள், இது என்ன நோய் என்று. மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினாள். பத்து நாளில் பதில் வந்தது: ‘மாதிரி பரிசோதிக்கப்படவில்லை. மேற்படி இனம் மேற்படி நோய்க்கு ஆளாகும் இனம் அன்று.’

ஆய்வகத் தலைவருக்குப் போன் போட்டாள்.

“சார், மீன் செத்துப்போச்சு சார்.”

“செத்திருக்கலாம்மா. ஆனா இந்த நோயால இல்ல.”

“டெஸ்டே பண்ணலையே, எப்படிச் சொல்றீங்க?”

“பட்டியல்லயே இல்லாத மீனுக்கு எதுக்கு டெஸ்ட்?”

“சரி, பட்டியல்ல சேர்க்க என்ன வேணும்?”

“டெஸ்ட் ரிசல்ட் வேணும்.”

அவர் சிரிக்கவில்லை. இருபத்தாறு வருட சர்வீஸ். சிரிப்பு வரும் இடங்களையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டவர்.

அவள் நிபுணர் குழுவுக்கு எழுதினாள். குழுவில் ஒன்பது பேர். அதில் மூவர் மீனே தொடாத சைவர்கள், ஆகவே பாரபட்சமற்றவர்கள் என்று கருதப்பட்டார்கள். கூட்டத்தில் மின்னல் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறது என்று ஒன்றரை மணி நேரம் விவாதம் நடந்தது. அப்பா கெண்டை, ஆகவே நோய் வரும் என்றார் ஒருவர். அம்மா தங்கமீன், தாய் வழிதான் கணக்கு என்றார் இன்னொருவர். பிள்ளைக்குப் பெயர் வைக்க வந்த சொந்தக்காரர்கள் மாதிரி ஆளுக்கொரு ஜாடை சொன்னார்கள். கடைசியில் குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

“உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. மூணே மூணு விஷயம் நிரூபிங்க. நோய் இயற்கையா தொத்தியிருக்கணும். கிருமி மீனுக்குள்ள பெருகியிருக்கணும். மீன் என்ன இனம்னு சந்தேகமில்லாம தெரிஞ்சிருக்கணும். முடிஞ்சுது.”

அதற்குள் குளத்துக்காரம்மாவின் அக்கம்பக்கத்தில் ஆறு குளங்களில் மீன் மிதக்க ஆரம்பித்திருந்தது.

அவள் விதிமுறைப் புத்தகத்தை ஒரு வாரம் மேய்ந்தாள். பதினான்காம் குறிப்பில் வழி கிடைத்தது: இனம் தெரியாத மீன் வந்தால், முன்னெச்சரிக்கையாக எல்லா நோய்களுக்கும் பரிசோதிக்க வேண்டும். இனம் என்ற கட்டத்தில் ‘உறுதியாகத் தெரியவில்லை’ என்று எழுதி அனுப்பினாள். அதில் பொய்யும் இல்லை. ஒன்பது நிபுணர்களுக்கே தெரியாதது அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்? நோய் இருக்கிறது என்று முடிவு வந்தது. தாளைத் தூக்கிக்கொண்டு குழுவிடம் ஓடினாள்.

“பிரமாதம்” என்றார் தலைவர். “ஆனா இனம் தெரியாத மீனை எந்தப் பேர்ல பட்டியல்ல சேர்க்கறது?”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டையும் வெளியே காட்டாமல் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். இனி ஒரே வழிதான். தாய் தகப்பன் யாரென்று எழுத்தில் உள்ள மின்னல் வேண்டும். அது உலகத்திலேயே ஒரே ஒரு பண்ணையில்தான் இருந்தது.

அவள் போனபோது அண்ணன் பொட்டலம் கட்டும் கொட்டகையில் இருந்தான். பிளாஸ்டிக் பைகளில் தண்ணீரும் குஞ்சும் விட்டு, ஆக்சிஜன் ஏற்றி, ரப்பர் பேண்ட் சுற்றிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னாள்.

“அப்போ உன் பட்டியல் நிறையறதுக்கு என் பண்ணை காலியாகணும், அப்படித்தானே?”

“மீன் சாகுதுண்ணா.”

“அந்தம்மா குளத்துல தண்ணி சரியில்ல.”

“பதினொரு குளம் ஆயிடுச்சு. பதினொண்ணுலயுமா தண்ணி சரியில்ல? பட்டியல்ல பேர் இல்லன்னா மீன் சாகாதா?”

“சாகும். ஆனா சட்டப்படி சாகும். என்னை யாரும் கேக்க முடியாது.”

அவளுக்குச் சுருக்கென்றது. படிக்கும்போது அறுத்துப் பார்க்க மீன் கிடைக்காமல் அவள் திண்டாடிய நாட்களில், வாளியில் உயிர் மீனோடு இரண்டு பஸ் மாறி விடுதி வாசலில் வந்து நின்றவன் இவன். சட்டையெல்லாம் நனைந்து, பஸ்ஸில் எல்லாரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு வந்திருப்பான். அவனுக்கும் அதே நினைப்பு வந்திருக்க வேண்டும்.

“உனக்குப் போய் வாளி தூக்கினேன் பாரு, என்னைச் சொல்லணும்” என்று பையை முறுக்கிக் கட்டினான். அண்ணி தொட்டி ஓரத்தில் வலையைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

நான்காம் நாள் காலை அலுவலகத்தில் பார்வையாளர் நாற்காலியில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு ஐஸ் பெட்டி. வாசலில் காவலாளி அவளைப் பதிவேட்டில் எழுத வைத்திருந்தார்: ‘பொருள்: மீன். நோக்கம்: உறவினர் சந்திப்பு.’

பெட்டியைத் திறந்தால் உள்ளே உறைந்துபோன மின்னல்கள், பை பையாக. ஒவ்வொரு பையிலும் பென்சிலால் எழுதிய துண்டுத் தாள்: தாய்த் தொட்டி, தகப்பன் தொட்டி, பொரித்த நாள், செத்த நாள்.

“எட்டு மாசமா வீட்டு பிரீசர்ல ஐஸ்கிரீம் வைக்க இடமில்ல” என்றாள் அண்ணி. “தினமும் செத்ததை அள்ளிப் போடறது நான். கேட்டா, குளிருக்குச் சாகுதுன்னாரு. வெயில் மண்டையைப் பொளக்குது, குளிருக்குச் சாகுதாம். அன்னிலேருந்து எடுத்து வெச்சேன்.”

“அண்ணனுக்குத் தெரியுமா அண்ணி?”

“சொல்லிட்டுத்தான் வந்தேன். வண்டிச் சாவியை ஒளிச்சு வெச்சாரு. பஸ்ல வந்துட்டேன்.”

“பண்ணையைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க.”

“இப்பவே பாதி காலிதான். மிச்சத்தை ஊரெல்லாம் அனுப்பி, அடுத்தவங்க குளத்தையும் காலி பண்ணணுமா? எனக்குத் தூக்கம் வரலம்மா.” நோட்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். “இதுல இருக்கறது பூரா என் கையெழுத்து. நான் குடுத்தா போதும்.”

மூன்று நிபந்தனைகளும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. இந்த முறை குழுவே சொன்னதால் ஆய்வகம் மறுக்காமல் பரிசோதித்தது. எல்லாம் தொட்டியிலேயே தானாக நோய் தொத்திச் செத்தவை. முதலில் செத்த மீனைவிடப் பின்னால் செத்த மீனில் கிருமி பல மடங்கு பெருகியிருந்தது. தாய் தகப்பன் பெயர் பென்சிலில் பளிச்சென்று இருந்தது. தலைவர் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். “யார் இந்த விஞ்ஞானி?” என்றார். “என் அண்ணி சார்” என்றாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தார்.

பிறகு பொதுமக்கள் கருத்துக்கு அறுபது நாள் விட்டார்கள். பொதுமக்களில் ஒரே ஒருவர் எழுதினார்: அண்ணன். நான்கு பக்கம். குழுவை, பட்டியலை, கூடப் பிறந்தவளை எல்லாம் வறுத்து எடுத்திருந்தான். கடிதத்தின் நடை நன்றாக இருப்பதாகக் குழு குறிப்பெழுதி, கோப்பில் சேர்த்துக்கொண்டது. மின்னல் எட்டாவது மீனாகப் பட்டியலில் ஏறியது. அதற்குள் குளங்கள் பத்தொன்பது ஆகியிருந்தன. அறிவிப்பு வெளியான அன்றிலிருந்துதான் அந்த மீன்களுக்கு நோய் வந்ததாக அலுவலகக் கணக்கு.

பண்ணைக்கு உத்தரவு கொடுக்க வேறு யாரையாவது அனுப்பும்படி மேலதிகாரியிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

“சொந்தக்காரங்கன்னா நல்லதுதானேம்மா. வழி கேக்க வேண்டியதில்ல” என்றார் அவர்.

உத்தரவைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய அண்ணன், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆட்கள் மீன்களை அள்ளிக் குழியில் போட்டு மூடி முடிக்க ஒரு பகல் ஆனது. மறுநாள் அவளுக்கு விடுமுறை. போகாமல் இருக்க முடியவில்லை. பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, அண்ணியோடு வெறும் தொட்டிக்குள் இறங்கி, ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தாள். கண் எரிந்தது. அதற்குப் பவுடர்தான் காரணம் என்று இருவரும் பேசாமலே ஒப்புக்கொண்டார்கள்.

“மறுபடி மீன் விட எத்தனை மாசம் ஆகும்?” என்றாள் அண்ணி.

“ஆறு மாசம். தண்ணியை ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணணும். நானே வந்து எடுக்கறேன்.”

தொட்டியின் விளிம்பில் நிழல் விழுந்தது. அண்ணன், கையில் மூன்று டம்ளர் டீயோடு நின்றான். ஒரு டம்ளரை விளிம்பில் வைத்துவிட்டு, மனைவியைப் பார்த்துச் சொன்னான்:

“அவகிட்டக் கேளு. சக்கரை போதுமான்னு.”

“அவ இங்கதானே நிக்கறா, நீங்களே கேளுங்க.”

“நான் அவகூடப் பேசறதில்ல.”

அவள் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். “அண்ணி, கம்மின்னு சொல்லுங்க” என்றாள். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே சர்க்கரை எடுக்கப் போனான்.