ஒன்பது வயதில் சாலை

தையற்காரர் எதையும் அளக்காமல் தொட மாட்டார். ஒரே மகளுக்கு ஐந்து வயது முடிந்த அன்று, துணி வெட்ட மாதிரி எடுக்கும் பழுப்புக் காகிதத்தில் ஒரு நீளத் துண்டைக் கிழித்து, எந்த வயதில் அவளுக்கு எதைக் கற்றுத்தருவது என்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். ஆறில் ஷூ லேஸ் கட்டுவது. எட்டில் கத்தி. ஒன்பதில் தனியாகச் சாலையைக் கடப்பது. பத்தில் அடுப்பு. பன்னிரண்டில் போன். அத்தோடு காகிதம் தீர்ந்துபோனது.

அவர் மனைவி பஸ் ஓட்டுபவள். வேலை முடிந்து வந்தவள் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"நல்லவேளை, கல்யாணத்துக்கு இடமில்ல" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போய்விட்டாள்.

அவள் சண்டை போடாததை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். பதினோரு வருடம் குடும்பம் நடத்தியவர் அப்படி எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

மகளுக்கு அக்கம்பக்கத்தில் வக்கீல் என்று பெயர். சொன்ன சொல்லை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொள்வாள். ஆறாவது பிறந்தநாள் விடிகாலையில், இரண்டு ஷூவையும் கையில் பிடித்தபடி அப்பாவின் தலைமாட்டில் வந்து நின்று, "இன்னிக்குத்தானே லேஸ்?" என்று கேட்டவள் அவள். பட்டியலில் இல்லாததைக் கேட்கவும் மாட்டாள், இருப்பதை விடவும் மாட்டாள். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அவளுக்கு ஏழரை வயது நடக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கடை ஷட்டர் கீச்சிடுகிறதே என்று எண்ணெய் போடப் போனார். உள்ளே நின்று ஷட்டரைப் பாதி இறக்கினால்தான் மேலே உருளைக்குக் கை எட்டும். "நீ வெளிய நில்லு. மேல விழுந்துடப் போகுது" என்று மகளை வாசலுக்கு அனுப்பினார். கையெல்லாம் எண்ணெய் ஆகும் என்று போனையும் அவளிடம் கொடுத்தார். முக்காலியில் ஏறி இரண்டு சொட்டு விட்டிருப்பார். மேலே என்னவோ டங்கென்று அறுந்தது. ஷட்டர் மடமடவென்று இறங்கித் தரைக்குச் சற்று மேலே சிக்கி நின்றது. தூக்கிப் பார்த்தார், தோளைக் கொடுத்துப் பார்த்தார். அசையவில்லை. அடியில் நாலு விரல் இடைவெளி மட்டும் மிஞ்சியது.

அவர் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தார். மகளின் ஷூ தெரிந்தது.

"பக்கத்துக் கடையில யாராவது இருக்காங்களா பாரு."

"எல்லாம் பூட்டியிருக்குப்பா. எதிர வெல்டிங் பட்டறை மட்டும் திறந்திருக்கு."

பட்டறைக்கும் கடைக்கும் நடுவே சாலை. அவர் யோசித்தார். சாலையைவிட போன் தேவலை. போன் யாரையும் இடித்துத் தள்ளாது.

"போனை எடு. நான் சொல்ற மாதிரி கோடு போட்டுப் பூட்டைத் திற. அம்மாவைக் கூப்பிடலாம்."

"போன் பன்னெண்டு வயசுல."

"தெரியும்டா கண்ணு. இது அவசரம்."

"பட்டியல்ல அவசரம்னு போடலையே."

தன் வளர்ப்பு தன்னையே மடக்குவதை அவர் தரையில் படுத்தபடி உணர்ந்தார். "இப்பப் போடுறேன். அவசரத்துக்கு எல்லாம் செல்லும். சரியா? முதல்ல மேல இடது மூலையில விரலை வெச்சு..."

"அடிக்குதுப்பா" என்றாள் மகள்.

"எது?"

"அம்மா போன். எடுக்கல. வண்டி ஓட்டிட்டிருப்பாங்க."

அவர் கோட்டைப் பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை. அதைக் கேட்க இது நேரமில்லை என்று ஒதுக்கிவைத்தார். இனிச் சாலைதான். இடைவெளியில் வாயை வைத்து ஆரம்பித்தார்.

"கவனமாக் கேளு. முதல்ல ஓரத்துல நிக்கணும். வலது பக்கம் பாக்கணும், இடது பக்கம் பாக்கணும், திரும்ப வலது பக்கம்... ஓடக் கூடாது. நடுவுல நிக்கவும் கூடாது. லாரி வந்தா..."

"அப்பா, ஒரு நிமிஷம் பேசாம இரு. வண்டிச் சத்தம் கேக்கணும்."

அவர் வாயை மூடிக்கொண்டார். ஷூ இரண்டும் நகர்ந்தன, பிறகு காணவில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் போனது. பெரிய வண்டி ஒன்று தரை அதிர வந்து, நின்று, கிளம்பியது. அவர் கண்ணை இறுக்கிக்கொண்டார்.

கண்ணைத் திறந்தபோது சின்ன ஷூவுக்குப் பக்கத்தில் கரி படிந்த இரண்டு பெரிய பூட்ஸ் நின்றன.

வெல்டிங்காரர் கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பினார். ஷட்டர் இடுப்புயரம் எழும்பியதும் தையற்காரர் தவழ்ந்து வெளியே வந்து மகளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகல" என்றார் வெல்டிங்காரர். "நீங்க கடையில இல்லாதப்ப வாரத்துல ரெண்டு தரம் தாண்டி வர்றவதானே. அவங்க அம்மா அந்தப் பக்கம் நின்னு பாத்துட்டிருப்பாங்க. லாரிக்கே கையைக் காட்டி நிறுத்துறா." கடப்பாரையைத் தோளில் போட்டவர், தையற்காரரின் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்த அடுத்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் மனைவி வந்தாள். அவர் பட்டியலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அவர்.

"சொன்னா விட்டிருப்பீங்களா? ஊர்ப் பிள்ளைங்க சட்டைக்கெல்லாம் வளரும் வளரும்னு ரெண்டு அங்குலம் கூட விட்டுத் தைக்கிறீங்க. நம்ம பிள்ளைக்கு மட்டும் ரெண்டு வருஷம் குறைச்சு வெட்டுறீங்க."

அவருக்குக் கோபப்பட வழியில்லை, வெளியே வந்ததே அந்தக் களவுப் பாடத்தால்தான். மகள் பக்கம் திரும்பினார்.

"நீயாவது சொல்லியிருக்கலாம். எல்லாம் எழுத்துப்படிதான்னு சொல்லுவியே."

"கத்துத்தர்றதுக்குத்தான் வயசு போட்டிருந்த. நான் கத்துக்கிறதுக்குப் போடல" என்றாள் வக்கீல். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ பயப்படுவேன்னுதான்பா சொல்லல" என்றாள்.

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. மகளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார்.

"சரி, கோபிக்க மாட்டேன். வேற என்னவெல்லாம் தெரியும் உனக்கு?"

மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"மெதுவாச் சொல்லு" என்றாள் அம்மா. "ஒரே நாள்ல தாங்க மாட்டார்."

மகள் சற்று யோசித்துவிட்டுக் கத்தியிலிருந்து தொடங்கினாள்.